பாலக்காட்டுக் கணவாயும் பருவக்காற்றின் பாதையும்

ஆடி மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்பவர் எதிர்க்காற்றோடு போராடியே செல்ல வேண்டும். பனைமரங்கள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து ஆடும். முகில்கள் தலைக்கு மேல் விரைந்தோடும். ஆயினும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் நல்ல மழை என்று சொல்லத்தக்கது பெய்யாமலே பல நாள்கள் கழிவதுண்டு. அதே நாளில், தெற்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும். ஆனைமுடியின் வடகிழக்கே இறங்கினால் மறையூர். அதற்கும் கீழே சின்னாறு. அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சுமார் 500 மில்லிமீட்டர்தான். காற்று மிகுந்து மழை குறைந்த ஓரிடம், மழை மிகுந்த ஓரிடம், மழை மறைவில் காய்ந்து கிடக்கும் ஓரிடம் ஆகிய மூன்றும் கேரளத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி ஒன்றுக்கொன்று அருகிலேயே அமைந்துள்ளன.

இம்மூன்றையும் உண்டாக்குவது ஒரே காற்றோட்டம். தென்மேற்குப் பருவக்காற்று என்று பள்ளி நூல்களில் படிக்கும் காற்று, அரபிக்கடல் முழுவதையும் தழுவி ஒரே சீராக வீசுவதன்று. அதன் நடுவே, தரைக்கு மேல் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், அகலத்தில் குறுகியதும் விரைவில் மிக்கதுமான ஓர் ஓட்டம் உண்டு. இதனை வானிலை இயலார் தாழ்நிலை ஜெட் காற்றோட்டம் என அழைப்பர். இதன் மையப் பகுதியில் காற்றின் வேகம் விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டுவதுண்டு. இந்த ஓட்டம் எந்த வழியே செல்கிறது, எவ்வளவு வலிமையுடன் செல்கிறது என்னும் இரண்டு வினாக்களின் விடையைப் பொறுத்தே இடுக்கி அணையின் நீர்மட்டமும், பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்துக் காற்றாலைகளின் உற்பத்தியும் பெரிதும் அமைகின்றன. மலைச்சரிவுகளில் வாழும் தோட்டத் தொழிலாளரின் பாதுகாப்பும் இவ்விடையோடு பின்னிக் கிடக்கிறது.

கடலுக்குள் ஓடும் ஆறுகள்

காற்றோட்டத்தின் இயல்பை அறியக் கடல் நீரோட்டத்தை முதலில் நோக்குதல் நலம். இரண்டும் ஒரே வகை இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. இரண்டுக்கும் ஆற்றுக்குள்ளதைப் போன்ற நிலையான கரை இல்லை. புவிச் சுழற்சியும் வெப்ப வேறுபாடும் தடுத்து நிற்கும் மலைகளுமே அவற்றின் வழியை வகுக்கின்றன. ஆழ்கடலில் தென்துருவப் பக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த நீர் கடற்படுகையை ஒட்டி வடக்கே நகருகிறது. குறுக்கே கடலடி மலைத்தொடர் வந்தால், அது தொடரின் தாழ்வான இடைவெளிகளைத் தேடி அவற்றின் வழியே புகுந்து செல்கிறது. மடகாஸ்கருக்கு வடகிழக்கே உள்ள அமிரான்டே இடைவெளி இத்தகையது. இந்தியப் பெருங்கடலின் அடிநீர் சோமாலியப் படுகைக்குள் நுழைவதற்கு அதுவே வாயில். நீருக்கடியில் நாலாயிரம் மீட்டருக்கும் கீழே யாரும் காணாமல் நிகழும் இந்நிகழ்ச்சியின் காற்று வடிவத்தைப் பாலக்காட்டில் நின்றே உணரலாம்.

கடல் ஓட்டத்தை அளந்தவர்களின் அனுபவம் ஒன்று இங்கு மிகவும் பயன்படும். அட்லாண்டிக் பெருங்கடலில் வெதுவெதுப்பான மேல்நீர் வடக்கே செல்ல, குளிர்ந்த ஆழ்நீர் தெற்கே திரும்புகிறது. இந்தச் சுற்றோட்டத்தைக் கப்பல்களில் சென்று அளந்தனர். 1957-க்கும் 2004-க்கும் இடையே ஐந்து முறை எடுத்த அளவுகளை ஒப்பிட்டபோது, ஓட்டம் ஏறத்தாழ 30 விழுக்காடு தளர்ந்துவிட்டதாகத் தோன்றியது. உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. 2004-ஆம் ஆண்டில் 26.5 பாகை வட அட்சரேகையில், ஃபுளோரிடாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரை வரை, கருவிகளைக் கடலில் நிலையாக நட்டு இடைவிடாமல் அளக்கத் தொடங்கினர். முதல் ஓராண்டிலேயே அந்த ஓட்டம் விநாடிக்கு 40 இலட்சம் கனமீட்டருக்கும் 350 இலட்சம் கனமீட்டருக்கும் இடையே ஏறி இறங்கியது தெரிந்தது. சராசரி ஏறத்தாழ 170 இலட்சம் கனமீட்டர். அதாவது அமேசான் ஆற்றைப் போல் எண்பது மடங்குக்கு மேல். ஐம்பது ஆண்டுத் தளர்ச்சி என்று எண்ணியது, ஓராண்டின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடக்கூடியதாக இருந்தது. எப்போதோ ஒரு முறை எட்டிப் பார்த்து ஓர் ஓட்டத்தின் போக்கைத் தீர்மானிக்க இயலாது என்பதை ஆய்வாளர் உணர்ந்தது அப்போதுதான். பருவக்காற்றை மாதச் சராசரிகளால் மட்டுமே அறிய முயல்வதிலும் இதே குறை உண்டு.

ஓட்டத்தைக் கண்டறிந்த வரலாறு

இந்தியத் தீபகற்பத்தின் மேல் ஜூலை மாதத்தில் இத்தகைய விரைவோட்டம் உள்ளது என்பதை இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. வி. ஜோசப், பி. எல். ராமன் ஆகிய இருவரும் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினர். பலூன்களை மேலே விட்டு அவை செல்லும் திசையையும் விரைவையும் கணக்கிடும் முறையே அப்போது கைவசம் இருந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1969-இல், ஃபைண்ட்லேட்டர் என்னும் பிரிட்டிஷ் வானிலையாளர் இந்த ஓட்டத்தின் முழு நீளத்தையும் வரைந்து காட்டினார். உலக நூல்களில் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்தியரின் பங்கு அதே அளவுக்குப் பேசப்படாதது வருந்தத்தக்கதே.

ஓட்டத்தின் தோற்றம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளது. தென்னிந்தியப் பெருங்கடலில் மாஸ்கரின் தீவுகளை அடுத்து அமைந்த உயர் காற்றழுத்தப் பகுதியிலிருந்து புறப்படும் காற்று வடமேற்காகச் சென்று ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை அடைகிறது. அங்குக் கென்யா, எத்தியோப்பியா நாடுகளின் மேட்டுநிலங்கள் சுவர்போல் குறுக்கே நிற்கின்றன. மேற்கே செல்ல வழியின்றி, காற்று அச்சுவரை ஒட்டியே நெருக்குண்டு வடக்கே திரும்பி, நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியக் கரையை அடுத்து அரபிக்கடலின் மேல் பாய்கிறது. அட்லாண்டிக்கில் கல்ஃப் நீரோட்டம் அமெரிக்கக் கரையை ஒட்டிக் குறுகி விரைவதற்கும், இங்குக் காற்று ஆப்பிரிக்க மலைகளை ஒட்டிக் குறுகி விரைவதற்கும் அடிப்படை ஒன்றே. இரண்டிலும் மேற்குப் பக்கத்துத் தடையே ஓட்டத்தை ஒடுக்கி வலுப்படுத்துகிறது.

இந்தக் காற்றுக்குக் கீழே கடலிலும் ஓர் இணை உண்டு. அதுவே சோமாலிய நீரோட்டம். கோடையில் வடகிழக்காக ஓடும் இது, குளிர்காலத்தில் திசை மாறித் தென்மேற்காக ஓடுகிறது. பெருங்கடல்களின் மேற்குக் கரையோரத்து வலிமைமிக்க நீரோட்டங்களுள் ஆண்டுக்கு இருமுறை இவ்வாறு முற்றிலும் திரும்புவது இது ஒன்றே எனலாம். கோடையில் இதன் வேகம் விநாடிக்கு மூன்று மீட்டரையும் தாண்டும். காற்று மேல்நீரைத் தள்ளிச் செல்வதால் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து, சோமாலியக் கரையோரக் கடல் நடுக்கோடையிலும் குளிர்கிறது. காற்று நீரை இயக்க, குளிர்ந்த நீர் தன் மேலுள்ள காற்றின் போக்கை மாற்றுகிறது.

1973-இல் இந்திய-சோவியத் பருவக்காற்று ஆய்வும், 1977-இல் அதன் தொடர்ச்சியும், 1979-இல் பன்னாட்டு மோனெக்ஸ் திட்டமும் கப்பல்களைக் கொண்டும் விமானங்களைக் கொண்டும் இந்த ஓட்டத்தை ஆராய்ந்தன. நூலறிவாக இருந்தது அளந்தறிந்த அறிவாயிற்று.

மலையின் உயரமும் ஓட்டத்தின் உயரமும்

அரபிக்கடலைக் கடந்து வரும் ஓட்டத்தை எதிர்கொள்வது மேற்குத் தொடர்ச்சி மலை. இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. ஓட்டத்தின் மையம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூணாறு நகரம் அமைந்திருப்பதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான். ஆனைமுடி 2,695 மீட்டர் உயர்ந்து, ஓட்டத்தின் குறுக்கே ஒரு தூண்போல் நிற்கிறது. பாலக்காடு நகரமோ கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. ஆகவே பாலக்காட்டு மக்கள் ஓட்டத்தின் அடியில் வாழ்கின்றனர். தேவிகுளம், மூணாறு மக்கள் ஓட்டத்தின் நடுவிலேயே வாழ்கின்றனர்.

ஒரு காற்றோட்டம் மலையை அடையும்போது அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஏறிக் கடக்கலாம்; அல்லது வளைந்து சென்று இடைவெளி வழியே கடக்கலாம். எதைச் செய்யும் என்பதை மலையின் உயரம், காற்றின் வேகம், காற்றின் அடுக்கமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குளிர்ந்து கனத்த காற்று கீழும் வெதுவெதுப்பான காற்று மேலுமாக அமைந்திருந்தால், கீழுள்ள காற்றை மேலே தூக்குவது கடினம். வேகமும் குறைவாயின் அது மலையடியிலேயே தயங்கி, பக்கவாட்டில் வழி தேடும். வேகம் மிகுந்து, ஈரமும் செறிந்திருந்தால் காற்று மலைமேல் ஏறிவிடும். ஏறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்தால் நீராவி நீராகிறது. நீராவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் மேலெழச் செய்கிறது. ஒரு முறை ஏறத் தொடங்கினால் எளிதில் நில்லாத நிகழ்ச்சி இது. பீர்மேட்டின் அடைமழைக்கு இதுவே காரணம்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் அமைந்த பாலக்காட்டுக் கணவாயில் ஏறுவதற்கு மலையே இல்லை. தரைமட்டம் எங்கும் 300 மீட்டரைத் தாண்டுவதில்லை. பக்கங்களில் தடைப்பட்ட காற்றும் இதனுள் புகுந்து நெருக்குண்டு விரைகிறது. விரையும் காற்று மேலெழாததால் மழை குறைகிறது. கணவாயைத் தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைச் சமவெளியில் அது காற்றாகவே வெளிப்படுகிறது. தெற்கே கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலும், செங்கோட்டையிலும், ஆரல்வாய்மொழியிலும் இதன் சிறு வடிவங்களைக் காணலாம். கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் ராமக்கல்மேட்டில் ஆடிக் காற்றின்போது நிமிர்ந்து நிற்பதே அரிது.

குளிர்காலத்தில் இதே கணவாய் எதிர்த்திசையில் இயங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வறண்ட கீழைக்காற்று உட்புகுந்து பாலக்காடு, திருச்சூர் வரை வீசும். கேரளத்தார் இதனை விருச்சிகக் காற்று என்பர்.

பாதை மாறும் விதம்

இதுவரை கூறியவற்றுள் மலை நிலையானது. ஓட்டமோ நிலையானதன்று. மே மாத இறுதியில், மலையாளத்தார் இடவப்பாதி என்று சொல்லும் மழைத் தொடக்கத்தின்போது, ஓட்டத்தின் அச்சு தென்கேரளத்தை ஒட்டியே நுழைகிறது. பின்னர் வடக்கே நகருகிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலும் அது ஓரிடத்தில் நில்லாமல் இரண்டு நிலைகளுக்கிடையே ஊசலாடுகிறது.

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜோசப்பும் சிஜிகுமாரும் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. நாட்டில் பருவமழை முனைந்து பெய்யும் நாள்களில், ஓட்டத்தின் அச்சு 12.5 பாகைக்கும் 17.5 பாகைக்கும் இடைப்பட்ட வட அட்சரேகையில் தீபகற்பத்தை நேராகக் குறுக்கிட்டுச் செல்கிறது. மழை ஓய்ந்திருக்கும் இடைவெளி நாள்களில், அது நடு அரபிக்கடலிலேயே தென்கிழக்காகத் திரும்பி, 2.5 பாகைக்கும் 7.5 பாகைக்கும் இடையே, இந்தியாவைத் தொடாமல் குமரிமுனைக்குத் தெற்கே ஒதுங்கிப் போய்விடுகிறது. இந்த ஓட்டம் அரபிக்கடலில் ஒரே நேரத்தில் இரு கிளைகளாகப் பிரிகிறது என்று ஃபைண்ட்லேட்டர் 1971-இல் கருதியிருந்தார். இரு கிளைகள் ஒரே நாளில் இருப்பதில்லை. வெவ்வேறு நாள்களில் ஓடும் இரு பாதைகளை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்ததனால் விளைந்த தோற்றமே அது என்று புதிய ஆய்வு காட்டியது. அட்லாண்டிக்கில் எட்டிப்பார்த்த அளவுகள் ஏமாற்றியதைப் போல, இங்குச் சராசரி ஏமாற்றியிருந்தது.

பாலக்காடும் இடுக்கியும் ஏறத்தாழ 9.3 பாகைக்கும் 11.2 பாகைக்கும் இடையில் உள்ளன. அதாவது, இரு பாதைகளுக்கும் நடுவே! இதனால்தான் நாட்டின் மழைக்கணக்கும் இப்பகுதியின் மழைக்கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஓட்டத்தின் அச்சுக்கு வடபுறத்தில் காற்று இடஞ்சுழியாகச் சுழன்று குவிந்து மேலெழும் போக்கு உடையது. தென்புறத்தில் அப்போக்கு இல்லை. அச்சு தெற்கே தாழ்ந்திருக்கையில் கேரளம் மழைப் பக்கத்தில் இருக்கும். அச்சு மிகவும் வடக்கே ஏறிவிட்டால், காற்று பலமாக வீசினாலும் மழை குறையலாம். மலை மட்டும் தன் பங்குக்கு ஏற்றத்தால் விளையும் மழையைத் தந்துகொண்டிருக்கும்.

ஓட்டத்தின் வலிமையைத் தூண்டுவது யாது? வங்கக்கடலில் 10 முதல் 20 பாகை வரையுள்ள பகுதியில் பெருமுகில்கள் திரண்டு வெப்பத்தை வெளியிடும்போது, அது மேற்கிலிருந்து காற்றை இழுக்கிறது. முகில் திரண்டு இரண்டு அல்லது மூன்று நாள் கழித்தே தீபகற்பத்தின் மேல் ஓட்டம் வலுவடைகிறது என்பதும் மேற்கூறிய ஆய்வின் முடிவுகளுள் ஒன்று. அணைப்பொறியாளர்க்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் இச்செய்தி மிகவும் பயனுள்ளது. இடுக்கியில் நாளை மறுநாள் என்ன நிகழலாம் என்பதற்கான முன்குறிப்பு, மலைக்கு மேற்கே மட்டுமன்றிக் கிழக்கே ஒடிசாவை அடுத்த கடலிலும் எழுதப்பட்டிருக்கிறது.

வெள்ளமும் வறட்சியும்

1924-ஆம் ஆண்டு ஜூலை 16 முதல் 18 வரை தேவிகுளத்தில் பெய்த மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். மலையாள ஆண்டு 1099 ஆதலின் இது 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என இன்றும் நினைவுகூரப்படுகிறது. மூணாற்றில் தேயிலை ஏற்றிச் சென்ற குறுகிய இரயில்பாதை அந்த வெள்ளத்தில் அழிந்தது. பிறகு அமைக்கப்படவே இல்லை.

இதற்கு ஈடான நிகழ்ச்சி 2018-இல் மீண்டும் நேர்ந்தது. ஜூன், ஜூலை மழையாலேயே அணைகள் பெரும்பாலும் நிறைந்திருந்தன. குறவன், குறத்தி என்னும் இரு குன்றுகளுக்கிடையே எழுப்பப்பட்டு 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இடுக்கி வளைவணைக்கு மதகுகள் இல்லை; மிகை நீரை அதனை அடுத்த செறுதோணி அணையின் வழியாகவே வெளியேற்ற வேண்டும். அம்மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டன. ஆகஸ்டு மத்தியில் வங்கக்கடலில் ஒடிசாக் கரையை அடுத்துக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாயிற்று. மேலைக்காற்று வலுத்தது. 15 முதல் 17 வரை பெய்த பெருமழையின் மையம் பீர்மேடு. அம்மூன்று நாளில் அங்கு 800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பதிவாகியது. ஜூன் முதல் நாள் தொட்டு ஆகஸ்டு 19 வரை கேரளம் முழுவதற்கும் மழை இயல்பைவிட 42 விழுக்காடு மிகுந்தது; இடுக்கி மாவட்டத்தில் மட்டும் 92 விழுக்காடு மிகுதி. அதே பருவத்தில் நாடு முழுவதற்குமான மழையோ நீண்டகாலச் சராசரியில் 91 விழுக்காடுதான். நாட்டுக்குப் பற்றாக்குறை, இடுக்கிக்குப் பேரழிவு! பாதை என்னும் சொல்லின் பொருள் இந்த இரு எண்களில் விளங்கும்.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலைக்கு அருகில் பெட்டிமுடியில் மலைச்சரிவு பெயர்ந்து தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள்மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் மாண்டன. இறந்தோருள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தொலைத்தொடர்பு அறுந்திருந்ததால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. ஓட்டத்தின் நடு உயரத்தில், மேற்கு நோக்கிய உயர்மலைகளின் மடியில், செங்குத்துச் சரிவின் அடியில் குடியிருப்பு அமைந்திருந்தது. காற்றோட்டம் வலுத்திருக்கிறது என்னும் செய்தி மாநிலத் தலைநகரில் இருப்பதால் மட்டும் பயன் விளைவதில்லை. அது இருட்டு முன் அந்த வீட்டு வாசலை அடைய வேண்டும்.

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் மழை இயல்பைவிட 36 விழுக்காடு குறைந்தது. 1901 முதல் உள்ள பதிவுகளில் அதுவே மிக வறண்ட ஆகஸ்டு. கேரளத்தின் பருவமழை முழுவதுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மூலமற்றத்தில் நிலத்தடி மின்நிலையத்தை இயக்கும் இடுக்கி நீர்த்தேக்கம் நிறையவில்லை. ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே தேக்கம் இரண்டு எதிரெல்லைகளையும் கண்டது.

காற்று கொண்டு சேர்க்காத நீரை மனிதர் கொண்டு சென்றதும் இப்பகுதியில்தான். 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குச் செல்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் ஆனைமலையின் மழைநீரைப் பொள்ளாச்சி, உடுமலைப் பாசனத்துக்குத் திருப்பியது. சித்தூர்ப் பகுதிக்குரிய நீரும் அதன் உடன்படிக்கையில் இடம் பெற்றுள்ளது. மேற்குச் சரிவின் ஒரு வார மழை, இரு மாநிலங்களின் ஓராண்டுப் பயிரைத் தீர்மானிக்கிறது.

காற்றும் மின்சாரமும்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் கேரள மின் வாரியம் 1990-களில் சுமார் 2 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகளை நிறுவியது. பின்னர் ராமக்கல்மேட்டிலும் அட்டப்பாடியிலும் காற்றாலைகள் எழுந்தன. கணவாயின் கிழக்கு வாயிலில் தமிழ்நாடு இதனைப் பெருமளவில் செய்தது. அம்மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரக் காற்றாலைகள் பாலக்காட்டுக் கணவாய் தரும் காற்றை நம்பியவை.

காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. விநாடிக்கு 10 மீட்டராக இருந்த வேகம் 8 மீட்டராகக் குறைந்தால், வேகத்தில் குறைவு ஐந்தில் ஒரு பங்கே. ஆற்றலிலோ ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. ஓட்டத்தின் சிறு தளர்ச்சியும் மின்கட்டமைப்பை நடத்துவோர்க்குப் பெரும் தலைவலியாவது இதனால்தான். நீர்மின் நிலையத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்து வேண்டும்போது விடலாம். காற்றை அவ்வாறு தேக்க இயலாது. ஆகவே காற்று மிகுந்த நாளில் இடுக்கியின் நீரைச் சேமித்து, காற்று தளர்ந்த நாளில் அதனைச் செலவிடும் இணைப்பு முறை பற்றிச் சிந்திக்க இடமுண்டு. இரண்டையும் தருவது ஒரே ஓட்டமாயினும், ஒன்று அன்றன்றைய வருவாய், மற்றொன்று சேமிப்பு.

அளத்தல்

இந்த ஓட்டம் நீண்டகாலப் போக்கில் மாறி வருகிறதா? 1950 முதல் தீபகற்பத்தின் வழியே செல்லும் பருவக்காற்றோட்டம் தளர்ந்து வரும் போக்கு தெரிவதாக ஜோசப்பும் சைமனும் 2005-இல் எழுதினர். புவி வெப்பம் உயர உயர ஓட்டத்தின் அச்சு வடக்கே நகரும் என்று 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு கணினி மாதிரிகளின் துணைகொண்டு கூறியது. அச்சு வடக்கே நகருமாயின் மலைத்தொடரின் தென்பகுதி மழை இழப்புக்கு உள்ளாகும். ஆயினும் அட்லாண்டிக்கில் ஐந்து அளவுகள் தந்த பாடத்தை இங்கும் மறத்தலாகாது. தளர்ச்சி மெய்யா, ஊசலாட்டத்தின் ஒரு பகுதியா என்பதைத் தொடர்ந்த அளவீடே காட்டும். சராசரி தளர்ந்தாலும் ஒரு சில நாள்களின் மழை மிகுவதற்குத் தடையில்லை. வெதுவெதுப்பான காற்று அதிக நீராவியைத் தாங்கும்.

அளவீட்டு வசதிகள் முன்னைவிடப் பெருகியுள்ளன. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் 205 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் காற்று ரேடார், தரைக்கு மேல் சில நூறு மீட்டரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வரை காற்றின் திசையையும் வேகத்தையும் இடைவிடாது பதிவு செய்ய வல்லது. இடுக்கி மலைகளுக்கு மேற்கே, ஓட்டம் மலையைத் தொடும் முன்பே அதனைக் காணும் இடத்தில் அது அமைந்திருப்பது நல்வாய்ப்பு. செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் காற்றை அளக்கின்றன. வங்கக்கடல் முகில்களை நாள் முழுவதும் கண்காணிக்கின்றன.

மலைக்குள்ளே நிலை வேறு. பருவமழைத் தொடக்கத்தை அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை 14 நிலையங்களின் மழையைக் கணக்கில் கொள்கிறது. மினிக்காய் முதல் மங்களூர் வரை நீளும் அப்பட்டியலில் திருச்சூர், கோட்டயம், புனலூர் உண்டு. பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் ஒரு நிலையமும் இல்லை. தொடக்கத்தை அறிவிக்கும் நோக்கத்துக்கு அது போதுமானதே. ஆனால் ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்த பள்ளத்தாக்குக்கும் மழை பன்மடங்கு வேறுபடும் நாட்டில், கடற்கரையோர அளவுகளைக் கொண்டு மலைச்சரிவின் நிலையை ஊகிக்க இயலாது. 2018 வெள்ளத்துக்குப் பின் மத்திய நீர் ஆணையம், கேரள அணைகளில் எந்தத் தேதியில் எவ்வளவு நீர் இருக்கலாம் என்னும் வரம்புகளை மறுபரிசீலனை செய்யப் பரிந்துரைத்தது. அவ்வரம்புகள் தேதியை அடிப்படையாகக் கொண்டவை. வங்கக்கடல் முகில்கள் தரும் இரண்டு மூன்று நாள் முன்குறிப்பையும், கொச்சி ரேடார் காட்டும் காற்றின் வலிமையையும், மலையில் அன்று காலை மழைமானி காட்டிய அளவையும் அவற்றோடு சேர்த்தால், மதகைத் திறக்கும் முடிவு தேதியை மட்டும் நோக்காமல் ஓட்டத்தின் அன்றைய நிலையையும் நோக்கியதாகும்.

உயர்மலைத் தேயிலைத் தோட்டங்களில் தோட்டத்துக்கொரு மழைமானி வைத்து நாள்தோறும் காலையில் அளவெடுக்கும் பழக்கம் தலைமுறைகளாக உள்ளது. கொழுந்து பறிப்பையும் உரமிடுதலையும் திட்டமிடவே அந்தக் குறிப்பேடுகள் தொடங்கப்பட்டன. ரேடாரும் செயற்கைக்கோளும் வருமுன்பே, ஓட்டத்தின் நடு உயரத்தில் நின்று அதனை அளந்தவை அவை. அக்குறிப்பேட்டின் காலை எண் அதே காலையில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை எட்டுவதற்கு ஒரு தொலைபேசி இணைப்பும், அதனைப் பெற்றுப் பதிவு செய்ய ஓர் எழுத்தரும் போதும்.